தண்ணி குடித்த ஏடிவி: பட்டனை அமுக்குவதற்கு முன்

தீபாவளி லீவுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளும் மழையும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு ஒரே சமயத்தில்தான் வந்து சேர்கிறார்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் பிற்பகலில் வானம் கறுக்கும். லிந்தாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பாரிட்டெல்லாம் (தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால்கள்) விளிம்பு தட்டி நிற்கும். கோலாலம்பூரிலிருந்து வந்தவர் சித்தப்பா வீட்டு ஏடிவியை (சேற்றிலும் மேட்டிலும் ஓடும் நாலு சக்கர மோட்டார்சைக்கிள்) எடுத்துக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புவார். பொழுது சாயும் நேரத்தில் நாலு பேர் அதைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

நானும் அப்படித் தள்ளி வந்திருக்க வேண்டியவன். தள்ளாமல் ஓட்டிக்கொண்டு வந்ததுதான் நான் செய்த தப்பு.

பழைய வண்டி, 400 சிசி, கார்ப்ரேட்டர் வைத்தது. பாரிட்டில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று நினைத்து இறங்கினேன், இடுப்பளவு இருந்தது. எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. கரையில் இழுத்துப் போட்ட கையோடு ஸ்டார்ட்டரை அமுக்கினேன். ‘டக்’ என்றது. மறுபடி அமுக்கினேன், மறுபடி ‘டக்’. மூன்றாவது தடவை அரைகுறையாகச் சுழன்றது. நாலாவதில் வெள்ளைப் புகையோடு பற்றிக்கொண்டது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன். மறுநாள் காலையில் உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம்.

பட்டறை அண்ணன் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார்.

“எத்தன தடவ தம்பி அமுக்குன?”

“நாலு தடவண்ணே.”

“ஒரு தடவகூட அமுக்காம தள்ளிட்டு வந்திருந்தா மினியாக் ஈத்தாம் காசோட போயிருக்கும் லா.”

மினியாக் ஈத்தாம் என்றால் எஞ்சின் எண்ணெய். என் வண்டியில் கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கம்பி, வளைந்திருந்தது. எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஏடிவி வாங்கியவர்கள் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். பாரிட் ஓரத்தில் நின்றுகொண்டு தேடிப் படிக்க போனில் லைன் கிடைக்காது.

மூன்று கரண்டித் தண்ணீர்

சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் காற்றை நசுக்கும். தண்ணீரை நசுக்க அதனால் முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 சிசி எஞ்சின், கம்ப்ரெஷன் (காற்றை நசுக்கும் விகிதம்) 10க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு ஏறி நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 44 மில்லிதான். மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. கீழிருந்து கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) தள்ளும், மேலே தண்ணீர் வழிவிடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் ராடு வளையும்.

மூன்று கரண்டி உள்ளே போக நேரமும் ஆகாது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நொடிக்கு 25 தடவை மூச்சிழுக்கிறது. காற்று இழுக்கும் வாய் அரை நொடி மூழ்கினாலே பத்துப் பன்னிரண்டு மடக்கு.

ஸ்டார்ட்டர் மெதுவாகத்தானே சுற்றுகிறது, அதனால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். பல நேரம் ஸ்டார்ட்டரே தண்ணீரைத் தள்ள முடியாமல் ‘டக்’ என்று நின்றுவிடும், அது நம் அதிர்ஷ்டம். விடாமல் அமுக்கினால் கொஞ்சம் தண்ணீர் வால்வு வழியாகக் கசிந்து வெளியேறும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே எண்ணெயில் கலக்கும். எஞ்சின் பற்றிக்கொள்ள அந்த இடைவெளி போதும். பற்றிக்கொண்ட பிறகு பிஸ்டனைத் தள்ளுவது வெடிப்பின் பலம். உள்ளே மிச்சத் தண்ணீர் இருக்கும்போதே அது தள்ளுகிறது. என் வண்டியில் நடந்தது இதுதான்.

தண்ணீருக்குள் இருக்கும்போதே

எஞ்சின் திணறத் தொடங்கினால் சிவப்பு கில் சுவிட்சைத் தட்டி அணையுங்கள். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் ஏறிவிடும் என்று தோன்றும். அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும், நம்பாதீர்கள். தானாக நின்ற எஞ்சின் கடைசி மூச்சில் தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் நிற்கிறது. நீங்களே அணைத்த எஞ்சின் பாதி தப்பித்தது.

இறங்கியது பாரிட்டாக இல்லாமல் ஆறாக இருந்தால், வண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் மேல்திசையைப் பாருங்கள். சுங்கை பிளஸ் ஆற்றுக்கு வந்து சேரும் ஓடைகளில், நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலைப்பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ கெப்பாலா ஆயிர் (திடீர் வெள்ளம்) வருகிறது என்று எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

கரையேறிய பிறகு

வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதானால் முதலில் நியூட்ரலில் போடுங்கள். கியரில் கிடக்கும் வண்டியை இழுத்தால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிவிடும். ஸ்டார்ட்டரை அமுக்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மோட்டார்சைக்கிளைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற வேலையை இங்கே காட்டவே கூடாது. சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாக்கலாமே’ என்று சொல்ல ஒருவர் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்.

அடுத்து சீட்டைக் கழற்றி ஏர் பில்டர் பெட்டியைத் திறங்கள். இந்த ஒரு பார்வையில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பெட்டிக்குள் இரண்டு பக்கம் உண்டு. பில்டருக்கு முந்திய பக்கம் அழுக்குப் பக்கம், பில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாய் சுத்தமான பக்கம். அழுக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் நின்று, பில்டரும் அதற்கு அப்பால் குழாயும் காய்ந்திருந்தால் எஞ்சின் தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு. விரலில் ஒரு துணியைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரமோ சேறோ ஒட்டினால், எஞ்சின் குடித்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு மேற்கொண்டு வேலை பாருங்கள். பெட்டியின் அடியில் ஒரு சின்ன ரப்பர்க் குழாய், மூடியோடு தொங்கும். அதைக் கழற்றினால் தேங்கிய தண்ணீர் வடியும்.

பிறகு வண்டியைப் பின்பக்க ரேக்கின் மேல் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். மூன்று பேராவது வேண்டும். தனியாக முயல வேண்டாம், 250, 300 கிலோ எடை அது. சைலன்ஸர் வழியாகத் தண்ணீர் கொட்டும். எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கொட்டும். பெட்ரோல் மூடியிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் ஒழுகுகிறதா என்று ஒருவர் கவனிக்கட்டும். பக்கத்தில் சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். ஆள் இல்லாவிட்டால் மேட்டைப் பார்த்து முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தினாலும் ஓரளவு வடியும்.

அதன் பிறகு ப்ளக். அதைக் கழற்றும் முன் சுற்றியுள்ள பள்ளத்தில் சேறு இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வாயால் ஊதி, துணியால் துடையுங்கள். அவசரத்தில் ப்ளக்கைத் திருகினால் அந்தச் செம்மண் நேரே சிலிண்டருக்குள் விழும். தண்ணீர் வெளியே போய்விடும். மண் போகாது, உரசிக்கொண்டே இருக்கும்.

ப்ளக் வந்த பிறகு எஞ்சினைச் சுற்றலாம். இப்போது ஓட்டை திறந்திருக்கிறது, தண்ணீருக்கு வழி உண்டு. கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் இழுகயிறு இருந்தால் அதுதான் நல்லது, கையில் ஒவ்வொரு தடங்கலும் தெரியும். கில் சுவிட்சை ‘ஆஃப்’பில் வையுங்கள். ப்ளக் தொப்பியை ஓட்டையிலிருந்து நன்றாக விலக்கி வையுங்கள். பெட்ரோல் ஆவியும் வெளியே வரும், ஒரு பொறி போதும். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியானால் இன்ஜெக்டரின் ஒயர் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். கில் சுவிட்ச் ஆஃபில் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றாத வண்டிகளும் உண்டு. அவற்றில் ப்ளக்கைத் தொப்பியில் மாட்டி, ஓட்டைக்குத் தூரமாக எஞ்சின் உடம்பில் பட வைத்துச் சுற்றுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு இழுங்கள். முதல் இழுப்பில் கலங்கல் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். அடுத்தடுத்த இழுப்பில் குறைந்து, தூவலாகி, கடைசியில் வெறும் காற்று ‘புஸ் புஸ்’ என்று வரும். ஸ்டார்ட்டரால் சுற்றினால் ஐந்து நொடிக்கு மேல் ஒரேயடியாகச் சுற்றாமல் இடையில் ஆறவிடுங்கள்.

ப்ளக் இல்லாமலும் எஞ்சின் அசையவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள். அது பட்டறைக்குப் போக வேண்டிய வண்டி.

இதோடு கரையில் செய்யும் வேலை முடிந்தது. ஓட்டைக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு தடவை மெதுவாகக் கயிற்றை இழுத்து, ப்ளக்கை மூடி, வண்டியை லோரியிலோ பிக்கப்பிலோ ஏற்றுங்கள். ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை, ஆகவே டவுன் வரை ஓட்டிப் போகிற ஆசை எப்படியும் வேண்டாம்.

கையில் காலில் கீறல் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாரிட்டுத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். அடுத்த சில வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்றிரவே எண்ணெய்

வார வேலை முடித்து அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று தார்ப்பாய் போட்டு மூடிவைப்பவர்கள் நிறைய. சிலிண்டர் சுவரில் துரு ஏற ஒரு வாரம் தேவையில்லை, ஒரு ராத்திரி போதும். கிராங்க் பேரிங்கில் துருப்புள்ளி விழுந்தால் அது பின்னால் சத்தமாக வெளிவரும். ஆகவே எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எண்ணெயை அன்றைக்கே இறக்குங்கள்.

குச்சியை உருவினால் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில், நுரையோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் கலந்திருக்கிறது. ஆனால் குச்சி சுத்தமாக இருந்தால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். எஞ்சின் சுற்றாமல் நின்றிருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலக்காமல், கனமாக இருப்பதால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குச்சி மேலே உள்ளதைத்தான் காட்டும். வண்டியைச் சமதரையில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, அடியில் உள்ள வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கீழே ஒரு வெள்ளைக் கிண்ணம் வையுங்கள். முதலில் சொட்டுவது தண்ணீரா எண்ணெயா என்பது கிண்ணத்தில் பளிச்சென்று தெரியும்.

பிறகு முழுவதையும் வடித்து, எண்ணெய் பில்டரையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றுங்கள். எவ்வளவு ஊற்றுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். முதல் இரண்டு ரவுண்டுக்கு விலை உயர்ந்த எண்ணெய் வேண்டாம், அது கழுவிக் கொட்டப் போவதுதான். ஆனால் விலை குறைவு என்று கார் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். பல ஏடிவிகளில் கிளச்சும் இதே எண்ணெயில்தான் குளிக்கிறது. சில கார் எண்ணெய்களில் உள்ள வழுக்கும் சரக்கு கிளச்சை நழுவ வைக்கும். மோட்டார்சைக்கிள் எண்ணெய்ப் போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டீசல் ஊற்றிக் கழுவச் சொல்லும் ஆட்கள் நம் ஊரில் உண்டு. வேலை செய்கிறதே என்பார்கள். எண்ணெயை மெலிதாக்கி, ஏற்கெனவே தண்ணீரில் நனைந்து எண்ணெய்ப் படலம் இழந்த பேரிங்கை இன்னும் பட்டினி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மலிவான எண்ணெய் இரண்டு போத்தல் அதைவிடப் பாதுகாப்பு.

ஸ்டார்ட் செய்வதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். முதல் எண்ணெயில் ஐந்து நிமிடம், சும்மா நின்ற இடத்தில் மட்டும் ஓட வேண்டும். அணைத்து, வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி ஐந்து நிமிடம். என் வண்டியைப் பின்னாளில் இன்னொரு தடவை மூழ்கடித்தபோது (ஆமாம், இரண்டாவது தடவையும்) முதலில் வடிந்தது கெட்டியான தே தாரிக். இரண்டாவது, மழைநாள் வானம்போல் மங்கல். மூன்றாவதில் கிண்ணத்தின் அடி தெரிந்தது. பில்டரை நாலாவது முறையோடு மாற்றி முடித்தேன். அந்தத் தடவை நான் பட்டனைத் தொடவில்லை. செலவு எண்ணெயோடும் ஒரு ப்ளக்கோடும் நின்றது.

வடித்த எண்ணெயை மறுபடி பாரிட்டில் கொட்டாதீர்கள். பட்டறைகளில் பழைய எண்ணெயைத் தோங்கில் (பீப்பாயில்) சேர்த்து வைப்பார்கள், அங்கே கொடுத்துவிடலாம். சட்டப்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது அபாயக் கழிவு.

பெட்ரோல், கார்ப்ரேட்டர், பில்டர்

கார்ப்ரேட்டர் வண்டியானால் அதன் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தி ஒரு தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் வடியுங்கள். தண்ணீர் இருந்தால் கோலிக்குண்டு மாதிரி அடியில் உருளும். தொட்டியிலிருந்தும் ஒரு போத்தல் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப்படலம் தெரிந்தால் தொட்டியைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். தொட்டி முழுதாக மூழ்காதவரை இது அபூர்வம்தான்.

ஏர் பில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, முறுக்காமல் உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, பில்டர் எண்ணெய் தடவி மாட்டுங்கள். முறுக்கினால் ஒட்டுப் போட்ட இடம் பிரியும். காகித பில்டர் நனைந்தால் தூக்கிப் போடுங்கள். காய்ந்த பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சேறு அடைத்த காகிதம் மூச்சு விடாது.

ஸ்டார்ட் செய்யும்போது

ப்ளக் புதிதாக இருந்தால் நல்லது. நனைந்த பழையதைக் காயவைத்தும் போடலாம், ஆனால் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ப்ளக்கா வேறெதுவா என்ற குழப்பம் வரும். முதலில் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். விரலுக்கு வழிவிடாமல் கோணலாக நின்றால் கழற்றித் திரும்ப வையுங்கள். வாஷர் வைத்த புது ப்ளக் என்றால் விரலுக்கு மேல் ஸ்பேனரால் அரைச் சுற்று. பழையதை மாட்டினால் சும்மா ஒரு சின்ன இழுப்பு, பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று.

ஏர் பில்டரை மாட்டி, கழற்றிய கனெக்டர்களை மாட்டி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் சைலன்ஸரிலிருந்து வெள்ளையாக ஆவி வரும், கொஞ்சம் இருமும். அது உள்ளே தங்கிய ஈரம், பயப்பட வேண்டாம். காதை மட்டும் கூர்மையாக வையுங்கள். சுற்று ஏற ஏற வேகமாகிற ‘டக் டக்’ சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். ராடோ பேரிங்கோ போயிருக்கலாம். நீலப் புகை நிற்காமல் வந்தாலும், முன்பு இருந்த பலம் இல்லாவிட்டாலும், எண்ணெய் மாற்ற மாற்ற வெளுத்துக்கொண்டே இருந்தாலும் பட்டறைக்குக் கொண்டு போய் முதலில் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) உண்மையைச் சொல்லுங்கள்: எங்கே மூழ்கியது, எவ்வளவு நேரம், எத்தனை தடவை அமுக்கினீர்கள். ‘திடீர்னு நின்னுருச்சு’ என்று மட்டும் சொன்னால் அவர் பேட்டரியிலிருந்து ஆரம்பிப்பார், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

எண்ணெய் தெளிந்த பிறகு மட்டும், கடைசி எண்ணெயோடு, இருபது முப்பது நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். எஞ்சின் முழுச்சூடு ஏறினால்தான் மூலைமுடுக்கில் ஒட்டிய ஈரம் ஆவியாகும். வீட்டு முன்னால் இரண்டு நிமிடம் உறும விட்டு அணைப்பதால் பயனில்லை.

எஞ்சினுக்கு வெளியே

எஞ்சின் ஓடுகிறது, சுற்று ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் அது பெல்ட். சிவிடி கியர் (பெல்ட்டால் ஓடும் தானியங்கி கியர்) உள்ள வண்டிகளில் ரப்பர் பெல்ட் நனைந்தால் வழுக்கும். பெல்ட் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் மூடியைக் கழற்றித் தண்ணீரை இறக்கி, நியூட்ரலில் வைத்து எஞ்சினை மிதமாக ஏற்றி இறக்குங்கள். உள்ளிருக்கும் காற்றாடி இலை பெல்ட்டைக் காயவைக்கும். நனைந்த பெல்ட்டோடு கியரில் போட்டு முறுக்கினால் ஒரே இடத்தில் உரசிக் கருகும். பிறகு அந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதறல் வரும்.

முன், பின் டிஃபரன்ஷியல்களை (இரு பக்கச் சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துத் தரும் கியர்ப் பெட்டிகள்) பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். எஞ்சின் நிற்காமல் கடந்து வந்தாலும் இது நடக்கும். போல்ட்டைத் திறந்து எண்ணெய் பால் நிறமானால் மாற்றுங்கள். அளவும் அதிகம் பிடிக்காது, வேலையும் கால் மணி நேரம்தான்.

ஒயர் கனெக்டர்களைக் கழற்றி உதறி, பட்டறையில் காற்றடித்து, டபிள்யூடி-40 தெளித்து, காய்ந்ததும் மின்கிரீஸ் தடவி மாட்டுங்கள். தண்ணீர்ப் பீச்சியை அவற்றின் மேல் காட்டாதீர்கள், வெளியே நின்ற சேற்றை உள்ளே தள்ளிவிடும். ரேடியேட்டருக்கும் அப்படியே, வேகம் குறைந்த தண்ணீரில் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். செம்மண் அடைத்துக் காய்ந்தால் அடுத்த பயணத்தில் எஞ்சின் கொதிக்கும். கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். பிரேக்கை நாலைந்து தடவை பிடித்து விட்டுக் காயவைத்த பிறகே வேகம் எடுங்கள்.

பாகான் டத்தோ பக்கம் உப்புத் தண்ணீரில் மூழ்கிய வண்டி என்றால் இத்தனையும் இன்னும் அவசரம். முதலில் நல்ல தண்ணீரில் வெளிப்பக்கம் முழுக்கக் கழுவிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு கிராங்க் அறையில் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை, ஆனால் தண்ணீர் கிராங்க் அறைக்குள்ளேயே தங்கும். ப்ளக்கைக் கழற்றிக் கவிழ்த்து வடித்து, கயிற்றை நிறைய தடவை இழுக்க வேண்டும்.

அடுத்த முறை இறங்கும் முன்

பல கையேடுகள் சொல்லும் அளவு, கால் வைக்கும் பலகை வரை. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். பாரிட்டின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது. தோட்டத்தில் அவ்வப்போது எக்ஸ்காவேட்டர் விட்டுத் தூர்வாருவார்கள். போன தீபாவளிக்கு முழங்கால் இருந்த இடம் இந்தத் தீபாவளிக்கு இடுப்பாக இருக்கும், என் கதை அதுதான். காய்ந்த செம்பனை மட்டையின் காம்பு ஒன்றை எடுத்து, முள் விளிம்பு கையில் படாமல் பிடித்துக்கொண்டு, கரையிலிருந்து குத்திப் பாருங்கள். தோட்டத்துக்குள் போகும்போது வாசல் ஜாகாவிடம் (காவலாளியிடம்) கேட்டாலும் போதும், எந்தப் பாரிட் எப்போது வாரினார்கள் என்று அவருக்குத் தெரியும். அனுமதி கேட்ட மாதிரியும் ஆயிற்று.

இறங்கினால் மெதுவாக, ஒரே வேகத்தில் போங்கள். பாய்ந்து இறங்கினால் முன்னால் எழும் அலை நேரே காற்று வாயில் அடிக்கும். நடுவில் நின்றால் பின்னால் வரும் அலை ஏறிக்கொள்ளும். எஞ்சினின் மூச்சுக்குழாயையும் டிஃப் குழாய்களையும் ஹேண்டில் உயரத்துக்கு நீட்டிக் கட்டிவைப்பது மலிவான, நல்ல வேலை. காற்று இழுக்கும் வாயை மேலே நீட்டும் குழாயான ஸ்நோர்க்கல் பற்றிக் கேட்பீர்கள். காற்று வாய் உயரும், உண்மைதான். ஒயரும் பேரிங்கும் உயராது. அதை மாட்டியவர்கள் அடுத்த வாரமே இன்னும் ஆழமான இடம் தேடிப் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சீட்டுக்கு அடியில் ஒரு ஜிப் பையில் இவற்றைப் போட்டுவையுங்கள்: அளவு சரியான புது ப்ளக், ப்ளக் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், இரண்டு பழைய துண்டு, சின்னப் போத்தலில் எஞ்சின் ஆயில், இருபது அடிக் கயிறு. ப்ளக் ஸ்பேனர் உங்கள் வண்டியின் பள்ளத்துக்குள் இறங்குகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால்தான் கை போகும், அதற்குத் தனிச் சாவி வேண்டியிருக்கும்.